காணாமல் போன நாற்பது பங்கு

பெரியவள் அந்த ஆய்வகத்துக்கு வந்து பதினேழு வருடம் ஆயிற்று. நுரையீரல் செல்களை மெல்லிய வடிகட்டியின்மேல் விதைத்து, அவை இடைவெளி இல்லாமல் ஒட்டி ஒரு சுவர்போல வளரும்வரை காப்பது அவள் வேலை. அந்தச் சுவரின்மேல் மருந்தை விட்டு, கீழே எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பார்கள். தண்ணீரில் கரையும் மருந்து செல்களுக்கு நடுவே சந்து தேடித் திணறும். கொழுப்பில் கரைகிற மருந்துக்கு அந்தக் கவலை இல்லை. செல்லின் சவ்வே கொழுப்பு என்பதால், சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைந்து சில நிமிடத்தில் மறுபக்கம் வந்துவிடும்.

அதே ஆய்வகத்துக்கு முனைவர் பட்டத்தோடு வந்து சேர்ந்தாள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. வீட்டில்தான் சின்னவள் புராணம் என்றால் இனி இங்கேயுமா என்று பெரியவளுக்குப் பொருமலாக இருந்தது.

ஆறே மாதத்தில் சின்னவள் ஒரு புதுச் சேதி சொன்னாள். கொழுப்பில் கரைகிற ஒரு மருந்தை நூறு பங்கு விட்டால் அறுபதுதான் கீழே வருகிறது, மேலேயும் மிச்சமில்லை; மீதி நாற்பதைச் செல்களே பிடித்து வைத்துக்கொள்கின்றன. அப்படியானால், மூச்சில் இழுக்கிற அந்த மருந்து நுரையீரலிலேயே நெடுநேரம் தங்கும். ஆய்வகத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார்.

பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. நேற்று முளைத்த காளானுக்குக் கைதட்டு. செல்லை வளர்த்தவளைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இந்த மாதிரி மருந்து, வடிகட்டியை வைக்கிற பிளாஸ்டிக் தட்டிலும் ஒட்டிக்கொள்ளுமே! காணாமல் போன நாற்பதும் அங்கே இருந்தால்? வாயைத் திறக்கவில்லை. சின்னவளின் முடிவைக் கேட்டறியத் திங்கட்கிழமை வெளியூர் நிபுணர்கள் வருகிறார்கள், அவர்கள் முன்னால் மூக்கு உடையட்டும்.

ஆனாலும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமே. வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது, சின்னவள் சோதனை முடித்து எடுத்துவைத்திருந்த தட்டுகளை ஆல்கஹாலில் அலசி அளந்தாள். மூன்று பங்கு. மறுபடி அலசினாள், கூடவில்லை. செல்களை உடைத்துக் கரைத்துப் பார்த்தாள். முப்பத்தாறு.

சின்னவள் சொன்னதுதான் சரி. பெரியவள் தாளை மடித்து வெள்ளை அங்கியின் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை சின்னவள் வெளிறிய முகத்தோடு வந்தாள்.

"அக்கா, மருந்து பிளாஸ்டிக்ல ஒட்டியிருக்குமோ? நான் அதைப் பாக்கவே இல்லக்கா. இப்ப கேட்டா என்ன சொல்றது?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. கை மட்டும் பைக்குள் போயிற்று.

"பிளாஸ்டிக்ல மூணு. செல்லுக்குள்ள முப்பத்தாறு. இந்தா."

"எப்பக்கா அளந்தீங்க?"

"வெள்ளிக்கிழமை."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"உன் தப்பைக் கண்டுபிடிக்கத்தான் அளந்தேன். கிடைக்கல. போ, நேரமாச்சு."

சின்னவள் தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

நிபுணர் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார். "இதை அளந்தது எங்க அக்கா" என்று தாளை நீட்டினாள் சின்னவள். கட்டுரை வெளிவந்தபோது பெரியவளின் பெயரும் இரண்டாவதாக இருந்தது. முதலில் இல்லையே என்று அன்றைக்கும் பொருமினாள்.

சின்னவளின் ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் இப்போது அவள்தான் தட்டை அலசி அளக்கிறாள். இதுவரை ஒரு தப்பும் அகப்படவில்லை. அதிலும் அவளுக்கு வயிற்றெரிச்சல்தான்.