வேலியைத் தாண்டிய புகை

அமெரிக்காவில், டெக்ஸாஸின் காப்பெல் நகருக்குக் குடிவந்த பிறகு எங்களுக்கு வந்த முதல் போகி அது. பழைய அட்டைப்பெட்டிகளோடு கிழிந்த பிளாஸ்டிக் பாயையும் கொல்லைப்புறத்தில் போட்டுக் கொளுத்தினேன். கரும்புகை வேலியைத் தாண்டிப் போனது.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலியை ஓங்கி உதைத்தார். "உடனே அணை!" என்று ஆங்கிலத்தில் கத்தினார். இரண்டு மாதமாக என் ஹலோவுக்குக்கூடப் பதில் சொல்லாத மனிதர்.

"அணைச்சிடுங்க, போலீஸுக்கு கால் பண்ணிடப் போறான்" என்றாள் மனைவி.

"பண்ணட்டும். நம்ம கலர்தான் அவனுக்குப் பிராப்ளம்" என்றேன். அவர் முகத்துக்கு நேராகவே, "நீ ஒரு இனவெறியன்" என்றும் சொன்னேன்.

பதில் சொல்ல வாயைத் திறந்தவர் இருமத் தொடங்கினார். இருமல் நிற்காமல், வேலியைப் பிடித்தபடி புல்லில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு திரும்பியதும் பேசினார்.

"ஆப்கானிஸ்தான் போரில் எங்கள் முகாமில் பல நாட்டு வீரர்கள் இருந்தோம். கழிப்பறை கிடையாது. எல்லோருடைய மலத்தையும் தினமும் பீப்பாயில் டீசல் ஊற்றி எரிப்பேன். பிளாஸ்டிக், பேட்டரி எல்லாம் அந்த நெருப்பில்தான். குண்டு விழுந்தால் குப்புறப் படுப்பேன். ஓய்ந்ததும் எழுந்து மறுபடி கிளறுவேன். குண்டு என் மேல் படவே இல்லை. அந்தப் புகைதான் என் நுரையீரலைத் தின்றது."

ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து நெருப்பை அணைத்தேன். "சாரி" என்றேன்.

"உன் சாரி எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை. அன்று தோலின் நிறத்தைப் பார்த்து ஆளை எடைபோட்டது நான்தான். அதை அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.