ஏழு பவுண்டில் நிற்காத முள்

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், ஒரே நாளில் மூன்றாவது தடவையாகக் கார் கொதித்து நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஆவி அடங்கியதும் நைனா, என் அப்பா, ரேடியேட்டரில் கேன் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். நான் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். ரோடு காய்ந்து கிடந்தது. இத்தனை தண்ணீர் எங்கே போகிறது? ஓடும்போது அழுத்தம் ஏறினால்தான் ஒழுகுகிறது, நாம் இறங்கிப் பார்ப்பதற்குள் சூட்டில் காய்ந்துவிடுகிறது. அப்படியானால் வண்டி ஆறிக் கிடக்கும்போதே அழுத்தத்தை ஏற்றிப் பார்த்தால் என்ன? ஸ்ரீ சிட்டி ஏசி தொழிற்சாலையில் நாள் முழுக்க நான் பார்க்கும் வேலையே அதுதான். ஏசி குழாயில் காற்றை அடைத்து, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது.

சொன்னேன். நைனா திரும்பிக்கூடப் பார்க்காமல் போனை எடுத்தார். மறுமுனையில் வண்டியை விலைக்குக் கேட்டிருந்த பங்காருபாளையத்து மாங்காய் வியாபாரி. "சரே, ஆதிவாரம் ரண்டி" என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துப்போகச் சொல்லியாயிற்று. அந்த ஆள் அதை ஓட்டப்போவதில்லை. பெயின்ட் அடித்துத் தோப்பு வாசலில் நிறுத்தப்போகிறான், வருகிறவர்கள் செல்ஃபி எடுக்க.

"என்னக் கேக்காம எப்டி நைனா சொல்லுவ?"

"உன்ன இன்னாத்துக்கும்மே கேக்கணும்? கல்யாணத்துக்குக் கெளம்புனா பந்தியில ரசம் ஊத்தும்போது போய் நிக்கிறோம். ஊரே சிரிக்குது."

ஐம்பது வயதுக் கார். எனக்கு அது வேண்டும். வேறு காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை, சொல்லவும் விருப்பமில்லை.

வண்டி கொதிப்பதில் நைனாவுக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் பக்கத்தில் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூள் போடுவார்கள். சின்ன ஓட்டையைத் தூள் அடைத்துக்கொள்ளும், மெக்கானிக் கடை வரை ஓட்டிப் போய்விடலாம். ஆத்திர அவசரத்துக்கு ஒரு கரண்டி, சரி. நைனா வெள்ளிக்கிழமைதோறும் வண்டிக்குப் பொட்டு வைத்த கையோடு உள்ளேயும் ஒரு கரண்டி போட்டிருக்கிறார், வருஷக்கணக்காக. குழம்பு வைப்பவர்களே அவ்வளவு போடமாட்டார்கள்.

இன்று புதன்கிழமை. ஷிஃப்ட் முடிந்து வந்து, ஒரு பழைய ரேடியேட்டர் மூடியில் துளை போட்டு சைக்கிள் டியூப் வால்வைப் பொருத்தினேன். ரேடியேட்டரில் கழுத்து வரை தண்ணீரை நிரப்பி, மூடியைத் திருகி, மீட்டர் வைத்த பம்பால் காற்றடித்தேன். எதிர் வீட்டு அத்தை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இன்னாம்மே, காருக்கு சைக்கிள் பம்பா? பறக்க உடப்போறியா?"

"ஆமா அத்த. மொதல்ல உன்னத்தான் ஏத்தி அனுப்பப்போறேன்."

மூடியில் ஏழு என்று பொறித்திருந்ததால் ஏழு பவுண்டு அழுத்தத்தில் நிறுத்தினேன். முள் நிற்கவில்லை. இரண்டு நிமிடத்தில் நாலுக்கு வந்துவிட்டது. ரப்பர் குழாய்களைத் தடவினேன், காய்ந்திருந்தன. ரேடியேட்டர் மூட்டுகளிலும் ஈரமில்லை. விசிறிக்குப் பின்னால் டார்ச் அடித்தேன். வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்னத் துவாரத்திலிருந்து இஞ்சின் மேல் பழைய மஞ்சள் கறை கோடாக இறங்கியிருந்தது. அதன் மேல் இப்போது புது ஈரம். பம்புக்குள் இருக்கும் சீல் போய்விட்டது.

நைனா என் தோளைத் தள்ளிவிட்டுக் குனிந்தார். "பாத்தியா? நான் போட்ட மஞ்சதான் காட்டிக் குடுத்துச்சி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓட்டைய அடைக்கல நைனா, ரேடியேட்டரத்தான் அடச்சிக்கினு கீது உன் மஞ்ச. தண்ணி எப்டி ஆறும்?"

"படிச்ச திமிரு."

"ஆமா, திமிருதான். இத சரி பண்ணிட்டுத் திருப்பதி வரிக்கும் போய்த் திரும்பி வரேன், நீ பக்கத்துல குந்து. ஒரு தடவ கொதிச்சாலும் வண்டிய அந்தாளுக்கே குடுத்துடு. கொதிக்கலன்னா குடுக்கக் கூடாது."

நைனா கையைத் துடைத்துக்கொண்டார். "வழியில நின்னா நான் பஸ் ஏறிடுவேன். நீயே தள்ளிக்கினு வா."

நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். விசிறியைக் கழற்றி, பம்பை வெளியே எடுத்து, சீல் மாற்ற வேண்டும். ரேடியேட்டரை இறக்கி, கீழ்க்குழாய் வழியாகத் தண்ணீரை எதிர்த்திசையில் பாய்ச்சி, கலங்கல் இல்லாமல் வரும் வரை கழுவ வேண்டும். பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்று துருவேறித் தலை மழுங்கிப்போயிருக்கிறது. எண்ணெய் விட்டு ஊற வைத்திருக்கிறேன். விடிந்ததும் முதலில் அதைத்தான் திருகிப் பார்ப்பேன். முறிந்தால் டிரில் போட்டு எடுப்பேன்.