கறையில்லாமல் வந்த திருமேசைத் துணி

எங்கள் காக்ஸ் டவுன் கோயிலில் திருமேசைக்கு விரிக்கிற வெள்ளைத் துணியை நான்தான் துவைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் பெரிய மகன் தவழ்ந்துகொண்டிருந்தபோது ஆரம்பித்தது. இப்போது அவனுக்கு முன்மண்டையில் முடி இல்லை. போதகர்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். ஓட்டுக் கூரை போய் கான்கிரீட் வந்தது. கோயிலைச் சுற்றியிருந்த தோட்ட வீடுகளை இடித்து அபார்ட்மெண்ட் கட்டினார்கள். துணி மட்டும் என் வீட்டுக்கு வந்து, என் வீட்டிலிருந்து போனது.

நற்கருணை ஞாயிறு முடிந்ததும், கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற கோயில்பிள்ளை அதை மடித்து ஒரு பையில் போட்டுக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து, திராட்சரசம் சிந்திய இடத்தை முதலில் பார்ப்பேன். அந்த இடத்தில் உப்பைத் தூவி, கொஞ்ச நேரம் விட்டு, துணியைப் பக்கெட்டின் வாயில் இழுத்துக் கட்டி, கொதிக்கிற தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் கறை ஓடிப்போகும். அவசரப்பட்டுச் சோப்பைப் போட்டால் அது நீலமாகி அங்கேயே குடியிருக்கும். அப்புறம் அலசல், சொட்டு நீலம், கஞ்சி, இஸ்திரி. அதற்கென்று ஓர் அலுமினியப் பக்கெட் வைத்திருந்தேன். அதில் வேறு ஒரு கைக்குட்டையைக்கூட நனைக்க விடமாட்டேன். என் மருமகள் ஒருமுறை தெரியாமல் அதில் கால்மிதியை ஊறவைத்துவிட்டு, அன்று என்னிடம் வாங்கிய பேச்சை இன்னும் மறக்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். வேதப்புத்தகத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்க முடியாது. பெண்கள் சங்கத்தில் எழுந்து நின்று ஜெபித்தால் பாதியில் வார்த்தை நின்றுவிடும். படித்த பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆறுபோல ஜெபிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிறுமையாக இருக்கும். ஆனால் கண்ணைத் திறந்தால் எதிரே திருமேசை, அதன்மேல் என் துணி, தும்பைப்பூ மாதிரி. போதும் என்று இருக்கும். கோயிலில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பில் அடி. படுத்திருந்தபோது சங்கத்துச் செக்ரெட்டரி பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். ஜெபித்தாள். எழுந்திருக்கும்போது சொன்னாள்:

"இனிமே நீங்க ரெஸ்ட் எடுங்க ஆன்ட்டி. துணிய உங்க ஓரகத்தி பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. அவங்க வீட்ல மெஷின் இருக்குல்ல, ஈஸி."

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

"ஐயோ ஆன்ட்டி! உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்."

"என் நல்லத என்கிட்ட கேக்காம எங்க போய்க் கேட்டீங்க?"

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். பெரியவர்கள் கோபப்பட்டால் இப்போதெல்லாம் சின்னவர்கள் சிரித்துவிடுகிறார்கள்.

ஓரகத்தி என்றால் என் கொழுந்தனாரின் மனைவி. ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்ததில் மறுபாதியில் இருக்கிறாள். என் வீட்டுக்காரரும் போய்விட்டார், அவள் வீட்டுக்காரரும் போய்விட்டார், சுவர் இருக்கிறது. டைப்பிங் படித்து ஆபீஸில் வேலை பார்த்தவள். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் எல்லாம் ஒரே மூச்சில் பேசுவாள். கீரைக்காரியிடம் கன்னடத்தில் சிரித்துப் பேசியே ஒரு கட்டுக் கீரை அதிகம் வாங்கிவிடுவாள். எனக்கு வாய்த்தது சண்டை போட்டு வாங்குகிற வழி. அவளைப் பிடிக்காது என்று சொல்லமாட்டேன். அவளைப் பார்த்தாலே எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும், அவ்வளவுதான்.

இந்த வருஷம் பார்த்து, போதகர் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். கிறிஸ்துவின் சாயலாக மாறுவது. ஞாயிறுதோறும் அதேதான். நாம் நாளுக்கு நாள் அவரைப்போல மாறவேண்டும், பழைய சுபாவம் கழன்று விழவேண்டும் என்று உருக்கமாகச் சொல்வார். சொன்னபிறகு சாட்சி. ஒருவர் எழுந்து, "ஆண்டவர் என் கோபத்த எடுத்துப் போட்டுட்டாரு" என்பார். எடுத்து எங்கே போட்டாரோ, எங்கள் வீட்டுப் பக்கம்தான் விழுந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் தினமும் பால் பாக்கெட் வருவதற்கு முன்னால் எழுந்து முழங்கால் போட்டவள். முழங்கால் முடியாமல் போனபிறகு கட்டிலில் உட்கார்ந்து ஜெபிக்கிறேன். உபவாசம் இருந்திருக்கிறேன். இடுப்படியோடு படுத்திருந்த நாட்கள் தவிர ஒரு ஞாயிறு தவறியதில்லை. இத்தனை செய்தும் கல்யாணமாகி வந்த வருஷத்தில் எனக்கு எப்படிச் சுருக்கென்று வந்ததோ, இன்றைக்கும் அப்படியேதான் வருகிறது. மண்ணில் போட்ட விதைகூட அழுகியாவது போகிறது. நான் அப்படியே கல்லாட்டம் கிடக்கிறேன். இதில் சாவதற்குள் அவர் சாயல் வரவேண்டுமாம்.

ஒருநாள் போதகர் வீட்டுச் சந்திப்புக்கு வந்தபோது கேட்டுவிட்டேன்.

"ஐயா, எனக்கு ஒண்ணும் மாறலியே."

"மெதுவாத்தாம்மா மாறும். நமக்கே தெரியாது."

"எனக்கு எம்பது நெருங்குது. இன்னும் மெதுவாவா?"

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். சின்ன வயசு, நல்ல பிள்ளை. "யார் மேலயாவது மனவருத்தம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"எனக்கு யார் மேல? யார் மேலயும் இல்ல."

சுவருக்கு அந்தப் பக்கம் வாஷிங் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அது அவர் காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. "காப்பி ஆறுது, குடிங்க" என்றேன்.

அடுத்து வந்த நற்கருணை ஞாயிற்றில் முதல் வேலையாகத் துணியைத்தான் பார்த்தேன். மெஷினில் போட்டுச் சுற்றிய துணி, கறை எங்கே போகும்? நீலமாக எங்கேயாவது நிற்கும், செக்ரெட்டரி பார்ப்பாள், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனசுக்குள் என்னை நினைப்பாள். பாவ அறிக்கை ஜெபத்தின்போது எல்லோரும் தலையைக் குனிந்திருக்க, நான் கழுத்தை நீட்டித் துணியின் நான்கு மூலையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லை. பளிச்சென்று இருந்தது. எனக்கு வந்த எரிச்சலை எழுதினால் காகிதம் கருகும். ஆண்டவருடைய மேசையில் அழுக்கு இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு, அது இல்லையே என்று கோயிலில் உட்கார்ந்து வயிறெரிந்தேன். சாயலாம், சாயல்.

எங்கள் சபையில் நற்கருணைக்கு முன்னால் சமாதானம் கொடுக்கிற வழக்கம் உண்டு. போதகர் திருமேசையண்டை நின்று மூப்பர்களுக்குக் கொடுப்பார். அவர்கள் நடைபாதையில் இறங்கி ஒவ்வொரு பெஞ்சிலும் ஓரத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார்கள். அவர் பக்கத்தவருக்கு, அவர் அடுத்தவருக்கு என்று, ஒருவர் கையை ஒருவர் இரண்டு கையாலும் பிடித்து, "சமாதானம்" என்று சொல்லிச் சுவர்வரை போகும். நான் நடைபாதையிலிருந்து இரண்டாவது ஆள். எனக்கு அடுத்து ஓரகத்தி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படியே. அன்றைக்கு அவள் பக்கம் திரும்பி, சுட்ட பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி விரல்நுனியால் தொட்டேன். வாய் திறக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே இருந்துவிட்டு, அடுத்தவளிடம் திரும்பினாள்.

அது மாதம் முழுக்க என்னை அரித்தது. மனசில் சமாதானம் இல்லாமல் கொடுப்பது பொய். கொடுக்காமல் போய் நற்கருணைப் பந்தியில் கை நீட்டுவது அதைவிட மோசம். பந்திக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டால் கோயிலே திரும்பிப் பார்க்கும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டால் எனக்கு அப்புறம் ஆள் கிடையாது. யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

அடுத்த நற்கருணை ஞாயிறு, முதல் மணி அடிக்கும்போதே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன். அன்று பார்த்து ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். எங்கிருந்தோ ஜனம் வந்து பெஞ்சையெல்லாம் நிரப்பிவிட்டது. ஓரகத்தி தாமதமாக வந்தாள். அவள் வழக்கமான இடத்தில் யாரோ ஜரிகைப் புடவை. நெருக்கிக்கொண்டு உள்ளே உள்ளே வந்தாள்.

"கொஞ்சம் தள்ளுங்கக்கா."

"சுவத்துக்குள்ளயா தள்றது?"

என்னை ஒட்டி உட்கார்ந்தாள். சமாதானம் வருகிற நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. கொடுக்காமல் தப்பிக்க வழி பார்த்தேனே தவிர, வாங்க வேண்டியிருக்கும் என்று யோசிக்கவில்லை. அதுவும் இவளிடமிருந்து. கொடுப்பதிலாவது ஒரு கெத்து இருக்கிறது. வாங்குவதில் என்ன இருக்கிறது?

அவள் திரும்பினாள். "சமாதானம் அக்கா."

நான் என் கையை மடியில் வைத்தபடி இருந்தேன். அவள் கையை எடுக்கவில்லை. முன்பெஞ்சில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

"கை வலிக்குதுக்கா. வாங்கிக்கோங்க."

வாங்கினேன். வேறு வழி? புறங்கையில் ஏதோ சொரசொரவென்று பட்டது. குனிந்து பார்த்தேன். தோல் உரிந்து சிவந்திருந்தது.

"என்ன இது?"

"சுடுதண்ணி. துணி மேல ஊத்தறப்போ தெறிச்சிடுச்சு."

"மெஷின்ல போடறதுக்கு எதுக்கு சுடுதண்ணி?"

"மெஷின்ல யாரு போட்டா? அதுல என் போர்வ, பெட்ஷீட்டுதான் ஓடுது. இத மெஷின்ல போட்டா நீங்க கண்டுபிடிக்க மாட்டீங்களா? இத்தன வருஷமா பின்பக்க ஜன்னல்ல பாத்துட்டுதானே இருந்தேன், உப்பு தூவறத, பக்கெட்ல கட்டறத, எல்லாம்."

"நின்னுட்டா ஊத்தின?"

"ஆமா."

"நின்னுட்டு ஊத்தினா தெறிக்காம என்ன செய்யும்? முக்காலில உக்காந்து ஊத்தணும். ஜன்னல்ல அது தெரியலியா உனக்கு?"

"ஜன்னல் ஒசரத்துக்கு நீங்க உக்காந்திருக்கறது தெரியலக்கா. நின்னுட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன்."

நான் குள்ளம். அதைச் சொல்கிறாள். முன்பெஞ்சுக்காரி "உஷ்" என்றாள். சமாதானம் என்கிற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. எனக்கு அப்புறம் சுவர். வந்த சமாதானம் என் கையிலேயே நின்றுவிட்டது.

இந்த இடத்தில் என் மனசு உருகியிருக்க வேண்டும். சாட்சி சொல்பவர்களுக்கு உருகுகிறது. எனக்கு உருகவில்லை. இன்னும் கடுப்புதான் வந்தது. என் வேலையையும் எடுத்துக்கொண்டாள், என் பக்குவத்தையும் எடுத்துக்கொண்டாள், கையைச் சுட்டுக்கொண்டு நல்ல பேரையும் எடுத்துக்கொள்வாள். இனி அவள்மேல் கோபப்படக்கூட எனக்கு நியாயம் இல்லாமல் செய்துவிட்டாளே! பந்தியில் எப்படியோ முழங்கால் போட்டேன். துணி கண்ணுக்கு நேரே இருந்தது. கஞ்சி ஜாஸ்தி. அதைப் பார்த்துக்கொண்டே அப்பத்தை வாங்கினேன். எழுந்திருக்க முடியவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்திலிருந்து ஒரு கை முழங்கையைத் தாங்கியது. யார் கை என்று பார்க்காமல் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். சொரசொரப்பு சொல்லிவிட்டது.

மறுநாள் காலை உட்கார்ந்து ஜெபித்தேன். ஜெபம் என்ன ஜெபம், சண்டைதான் போட்டேன். என்னை மாற்ற இவ்வளவு வருஷம் போதாதா, உமக்கும் வயசாகிவிட்டதா என்று கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் துணி அலசுகிற சத்தம்தான் வந்தது. கேட்கக் கேட்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிளாஸ்டிக் பக்கெட்டில் ஊற்றுகிறாள், சத்தத்திலேயே தெரிகிறது. கொதிதண்ணீருக்குப் பிளாஸ்டிக்.

என் அலுமினியப் பக்கெட்டையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு வாசல் வழியாகச் சுற்றிப் போனேன். அவள் கதவைத் திறந்து, பக்கெட்டைப் பார்த்தாள். அந்தப் பக்கெட்டைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும்.

"உள்ள வாங்கக்கா."

"வரல. இத வச்சிக்கோ. திரும்பக் கொண்டாந்து குடுக்காத. இதுல வேற எதையும் நனைக்காத."

"சரிக்கா."

"முக்காலில உக்காந்து ஊத்து."

"சரிக்கா."

கஞ்சியைப் பற்றிச் சொல்ல வாய் வந்தது. அடக்கினேன். படி இறங்கினேன். கடைசிப் படியில் அடக்க முடியவில்லை.

"கஞ்சி ஜாஸ்தி போடற!"

அவள் உள்ளேயிருந்து சிரித்தாள். "இதுக்குத்தான் நேத்துலருந்து காத்துட்டு இருக்கேன். எங்கடா இன்னும் சொல்லலியேன்னு."

வீட்டுக்கு வந்தால் குளியலறை மூலை காலியாக இருந்தது. பக்கெட் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம். தேய்த்தேன், போகவில்லை. அன்று முழுக்க மருமகளிடம் சிடுசிடுத்தேன். நல்ல காரியம் செய்தால் மனம் லேசாகும் என்று போதகர் சொல்வார். எனக்கு ஒரு சாமானைப் பறிகொடுத்த மாதிரிதான் இருந்தது. இன்றைக்கும் அந்த மூலையைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது.

அடுத்த நற்கருணை ஞாயிறு என் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தேன். அவளும் அவள் இடத்தில். சமாதானம் வந்தது. அவள் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்தேன். புண் ஆறியிருந்தது. "சமாதானம்" என்றேன். மனசிலிருந்து வந்ததா என்று கேட்டால், பாதி வந்தது என்று சொல்லலாம். மீதிப் பாதி, திருமேசைத் துணி வலது பக்கம் ஒரு விரற்கடை இறங்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை அப்போதே சொல்லவில்லை. ஆராதனை முடிகிறவரை வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.