விசாரிக்க வந்தவர்களுக்கு நான் சொன்ன மறுமொழி

சபையாரே, என் கண்ணாற் கண்டதையும் காதாற் கேட்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். பிறர் சொல்லிக் கேள்விப்பட்டவற்றை விலக்கிவிட்டேன். ஒருவர் வாய்ச்சொல் மற்றொருவர் வாய்க்குப் போகையில் சிறிது கூட்டப்பட்டதாலேயே எங்கள் வீட்டுக்குத் துன்பம் வந்தது. அதைச் சொல்லப் புகுந்த நானும் அவ்வழியே எழுதினால் இது சாட்சியாகாது.

மலாயாவில் இறப்பர் விலை வீழ்ந்து, அங்கு வேலைக்குப் போன நம்மவர் பலர் திரும்பிவந்த காலம் அது. நான் கொக்குவிலில் தமிழ்ப் பள்ளிக்கூடத்திற் படிப்பிக்கும் சட்டம்பியாராக இருந்தேன். தந்தையார் மறைந்தபின் தங்கை இரத்தினத்துக்கு நானே பொறுப்பு. அவளுக்கு அரியாலையிற் சம்பந்தம் பேசியிருந்தோம். சிறுபிராயத்தில் அவளுக்கு வலிப்பு வந்ததுண்டு. வளர்ந்தபின் ஒருமுறையும் வந்ததில்லை. கலியாணம் முற்றாகுமுன் இதை நானே மாப்பிள்ளை வீட்டாரிடம் நேரிற் சொல்லத் துணிந்தேன். ஆயினும் சம்பந்தம் குழம்பிவிடுமோ என்று அஞ்சினேன்.

நாங்கள் வாரந்தோறும் வீட்டுக்கு வீடு முறைவைத்து ஜெபக்கூட்டம் நடத்துவோம். அவரவர் தம் பாரத்தை வாய்விட்டுச் சொல்வர். மற்றவர் அதற்காக மன்றாடுவர். எங்கள் முறை வந்த அன்று பெருமழை. ஒருவர் மட்டுமே வந்தார். அவர் மலாயாவிலிருந்து திரும்பிய என் இளமைக்கால நண்பர்; பெயரை எழுதேன். என் பாரத்தை அவரிடம் இறக்கினேன். அவர் என் கையைப் பிடித்தபடி கண்ணீரோடு ஜெபித்தார்.

சில நாளில் அரியாலைக்குப் போனேன். மாப்பிள்ளையின் பெரியதகப்பனார் என்னை வாசற்படலையிலேயே நிறுத்திவிட்டார்.

“பிள்ளைக்கு இப்பவும் வலிப்பு வாறதாம். மறைச்சுத்தான் செய்யப் பார்த்தனீங்களோ, சட்டம்பியார்?”

இப்போது இல்லை என்றேன். அதைச் சொல்லவே வந்தேன் என்றேன்.

“உங்களோடை முழங்காலிலை நிண்டு ஜெபிச்ச மனிசன் வந்து சொன்னவர். அவரை நம்பிறதோ, உங்களை நம்பிறதோ?”

சம்பந்தம் அத்தோடு குழம்பியது. நடந்தே வீடு வந்து சேர்ந்தேன். இரத்தினம் என் முகத்தைப் பார்த்தாள். தைத்துக்கொண்டிருந்த சட்டையை ஊசியோடு மடித்துப் பெட்டகத்தில் வைத்தாள்.

அதன்பின் என்னால் ஜெபிக்க இயலவில்லை. கண்ணை மூடினால் அவர் அழுத குரலே கேட்டது. வெளிப்பகைவன் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். இவரோ என் பாரத்தை ஆண்டவர் முன் கேட்டு அயலூரிற் கொண்டுபோய் இறக்கினார். அவரைத் தண்டிக்கும்படியே நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய மலாயாக் காலத்துச் செய்தியொன்று என்னிடம் இருந்தது. அவரே ஒருநாள் தம் பாரமாகச் சொன்னது. இப்போது அதனால் எவருக்கும் கேடில்லை. ஆனால் வெளிப்பட்டால் அவர் ஊரில் தலைநிமிர இயலாது. அது என் நாநுனியிலேயே கிடந்தது. பின்பு என்னைக் கண்டு நானே அஞ்சினேன். தண்டனை கேட்பதை விட்டு, என் நாவை அடக்கத் துணைசெய்யும்படி கேட்கத் தொடங்கினேன்.

மறு வருடம் அளவெட்டியிலிருந்து இருவர் வந்தனர். நண்பரின் மகளை அங்கே ஒரு மாப்பிள்ளைக்குப் பேசியிருந்தார்கள். கலியாணம் முற்றாகுமுன் அயலில் விசாரிப்பது நம் வழக்கம். அயலார் சொல்லும் ஒரு சொல்லால் அது நிறைவேறும், குழம்பவும் செய்யும். நான் நண்பரோடு ஒன்றாய் வளர்ந்தவன் என்று கேள்விப்பட்டு என்னிடம் வந்திருந்தார்கள்.

தேநீர் கேட்பதுபோல உள்ளே போனேன். என் மனைவி மெல்லிய குரலில், “ஏதும் இருந்தாச் சொல்லுங்கோவன். எங்கடை இரத்தினத்துக்கு அவர் பாவம் பார்த்தவரே?” என்றாள். அடுப்பின் பக்கம் திரும்பி நின்றேன். “ஆண்டவரே” என்பதற்கு மேல் எனக்குச் சொல் வரவில்லை. ஒளியும் காணவில்லை, குரலும் கேட்கவில்லை. நாநுனியிற் கிடந்தது மட்டும் உள்ளே அடங்கிற்று.

வெளியே வந்து, “பிள்ளை நல்ல பிள்ளை. எனக்குத் தெரியக் குறை ஒண்டும் இல்லை” என்றேன்.

“பிள்ளையின்ரை தேப்பன் எப்பிடி? மலாயாக்காரர் எண்டால் கொஞ்சம் தட்டிப் பார்க்கத்தானே வேணும்” என்று ஒருவர் சிரித்தார்.

“நீங்கள் எடுக்கப்போறது பிள்ளையை. கேட்டதுக்குச் சொல்லிப்போட்டன்.”

“சட்டம்பியார் எங்களையும் வாங்கிலை ஏத்தி நிப்பாட்டிப்போடுவார் போலை கிடக்கு” என்று மற்றவர் எழுந்தார். இருவரும் நகைத்தபடி போனார்கள். என் மனைவி அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

அந்தக் கலியாணம் நிறைவேறியது. அதற்கு எங்களை அழைக்க வந்த நண்பரை இரத்தினமே, “வாங்கோ அண்ணை, இருங்கோ” என்று வரவேற்றுத் தண்ணீர் கொடுத்தாள். அது என்னால் ஆகாத காரியம். நான் தூணைப் பற்றிக்கொண்டு நின்றேன். குழம்பிய சம்பந்தம் திரும்பி வரவில்லை. அவள் இப்போது பெண்பிள்ளைகளுக்குத் தையல் கற்பிக்கிறாள், சுகமாயிருக்கிறாள். நான் கேட்டு எனக்குக் கிடைத்தது நாவடக்கம் ஒன்றே. அதுவும் முற்றாகக் கிடைத்துவிடவில்லை. நண்பரைக் காணுந்தோறும் புதிதாய்க் கேட்டுப் பெறுகிறேன். பெற்றவரையில் கர்த்தருக்குத் தோத்திரம். நம்பினவரால் வஞ்சிக்கப்பட்டோர் உங்களில் இருப்பின், வாய் திறக்குமுன் ஆண்டவரிடம் கேளுங்கள். ஒரு சொல்லிற் கேட்டாலும் போதும்.

நண்பர் ஏன் அரியாலைக்குப் போனார் என்பது எனக்குத் தெரியாது. வலிப்பு இன்னும் வருகிறது என்று அவர்தாம் சொன்னாரோ, அங்குள்ளோர் கூட்டிக்கொண்டனரோ, அதுவும் தெரியாது. அளவெட்டியார் என்னிடம் வந்ததை அவர் அறிவாரோ என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.