ஏரி தாங்குமா, தோரா?

“நீதான்க்கா! அன்னிக்கு நீ போன்ல வாயைத் திறக்கலேன்னா என் பணமும் இருந்திருக்கும், அந்த பேங்கும் இருந்திருக்கும்!”

“கத்தாதடி. நான் உனக்கு மட்டும்தானே சொன்னேன்?”

“போன்ல ‘உனக்கு மட்டும்’னு ஒண்ணு இருக்கா? எட்டு வீட்டுக்கும் சேத்துல்ல சொன்னே!”

“கூடப்பிறந்தவளாச்சேன்னு பாசத்துல சொன்னது தப்பாப் போச்சா?”

“பாசமா? வரிசையில முதல் ஆளா நின்னது யாரு? முழுசா வாங்கிட்டு வந்தது யாரு? நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஜன்னலைச் சாத்திட்டாங்க. உன் பாசத்தை மாவு டின்னுக்குள்ள போட்டு மூடி வெச்சிருக்கியே, அதைச் சொல்லு!”

இது நடந்தது. பெயர், ஊர், கிழமை எல்லாம் உண்டு. நம்பாதவர்கள் ஓஸ்ட்வால் தேவாலயத்துக் கல்லறையில் ஹால்வர் ட்வெய்ட்டின் கல்லைப் போய்ப் பார்க்கலாம். அதில் வெட்டியிருக்கும் இறந்த தேதிக்கும் புதைத்த தேதிக்கும் நடுவே இரண்டு வருஷத்துக்கு மேல் இடைவெளி இருக்கும். ஏன் என்று கேட்டால் ஊரில் யாரும் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

சண்டை நடந்தது 1934 மே மாதம், தோரா ஹெக்லண்டின் சமையலறையில். கத்தியது தங்கை குன்ஹில்ட். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா முழுக்க அன்று மண் பறந்துகொண்டிருந்தது. பிற்பகல் மூன்றரைக்கே விளக்கு ஏற்ற வேண்டியதாயிற்று. தோராவின் கணவன் நில்ஸ் தொழுவத்தில் மாடுகளின் மூக்குக்கு ஈரச்சாக்குக் கட்டிக்கொண்டிருந்தான். ஜன்னல்களில் ஈரத்துணி மாட்டிக் கொடுக்க வந்தவள்தான் குன்ஹில்ட். நாலு துணி மாட்டுவதற்குள் பழைய கதை கிளம்பிவிட்டது.

பழைய கதை சின்னதுதான். 1932 மார்ச் கடைசியில் பக்கத்து ஊர் பேங்க் ஒன்று மூடிக்கொண்டது. அதைக் கடையில் கேள்விப்பட்ட தோரா, இரவுச் சாப்பாடு முடிந்ததும் தங்கையைப் போனில் கூப்பிட்டு, ‘காலையில சத்தம் போடாம போய்ப் பணத்தை எடுத்துடு’ என்றாள். எங்கள் ஏரிக்கரை டெலிபோன் தடத்தில் எட்டு வீட்டுக்கும் ஒரே கம்பி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மணி அடையாளம்; அடிப்பது எட்டு வீட்டிலும் கேட்கும். ஹெக்லண்ட் வீட்டுக்கு இரண்டு நீளம், ஒரு குட்டை. யார் வீட்டு மணி அடித்தாலும் எட்டு வீடும் குழலை எடுத்துக் காதில் வைக்கும். எடுக்கக்கூடாது என்பது கம்பெனியின் விதி. எடுப்பதில்லை என்பது எங்கள் கௌரவம். எடுப்பது பழக்கம்.

காலையில் எங்கள் ஊர் பேங்க் வாசலில் அறுபது பேர் நின்றார்கள்.

பேங்கை நடத்தியவர் காசாளர் ஹால்வர். நல்ல மனிதர். கடன் கேட்டவனிடம் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். பேங்க் நடத்துகிறவனுக்கு அது நோய். பதினோரு மணிக்குக் கையிருப்பு தீர்ந்தது. “மாவட்டத் தலைநகர் பேங்க்ல வாங்கிட்டு வந்துடறேன், வரிசையைக் கலைக்காதீங்க” என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு தோல்பை நிறையப் பணம் வாங்கியதும் உண்மை. திரும்பி வரவில்லை.

கனடாவுக்கு ஓடிவிட்டான் என்றது ஊர். மூன்றாம் நாள் அரசாங்கம் அனுப்பிய பொறுப்பாளர் பிரிட்சர்ட் வந்து கதவில் காகிதம் ஒட்டினார். பேங்கின் மேஜை முதல் மைக்கூடு வரை ஏலம் போட்டார். கடன்காரர்களின் மாடு, நிலம் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பணம் போட்டவர்களுக்கு டாலருக்குப் பதினோரு சென்ட் கொடுத்தார். ஹால்வரின் மனைவி சிக்னே தேவாலயத்தில் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. இரண்டு வருஷம்.

தோராவுக்கு இன்னொன்றும் தெரியும். அதைத் தங்கையிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த மார்ச் நாளில், பிற்பகல் நாலு மணிக்கு, அவள் வீட்டு மணி அடித்தது. எடுத்தாள். “தோரா... நான் ஹால்வர்...” என்றது குரல். அதற்குள் கிளிக், கிளிக் என்று தடத்தில் குழல்கள் எழுந்தன. ஒவ்வொரு குழலுக்கும் குரல் ஒரு படி இறங்கியது. ஒரு கம்பியின் மின்சாரத்தை எட்டுக் காது பங்கு போட்டால் மிஞ்சுவது அவ்வளவுதான். ஏதோ கேட்கிறார் என்று மட்டும் தெரிந்தது. ‘எல்லாரும் எடுத்ததைக் கீழே வைங்க’ என்று ஒரு அதட்டல் போட்டிருக்கலாம். அவள் போடவில்லை. முந்தின இரவு தான் பேசியதைத்தான் கேட்கிறார், ஊரே கேட்க மானம் போகப்போகிறது என்று நினைத்தாள்.

குழலை மாட்டிவிட்டாள்.

“என்னக்கா, பதிலைக் காணோம்?” என்றாள் குன்ஹில்ட், கையில் ஈரத்துணியோடு.

அப்போது மணி அடித்தது.

இரண்டு நீளம். ஒரு குட்டை.

சுவர்க் கடிகாரத்தில் நாலு.

“காத்துல கம்பி உரசுது. மண்காத்துன்னா அப்படித்தான் அடிக்கும்” என்றாள் குன்ஹில்ட்.

காற்று மணி அடிக்கலாம். வீட்டு அடையாளம் பார்த்து அடிக்குமா?

மறுபடி அடித்தது. இரண்டு நீளம்... ஒரு குட்டை.

தோரா எடுத்தாள். குழல் சில்லென்றிருந்தது. வெளியே அனல். அடுப்பும் எரிகிறது. குழல் மட்டும் மார்கழிக் காலத்து இரும்பு மாதிரி காதில் ஒட்டியது.

கிளிக்.

ஓலாவின் வீடு. அவர்களுடைய குழந்தைக்குக் கக்குவான் இருமல், இருமல் கேட்டது.

கிளிக். ஸ்டைன் வீட்டுக் கானரிக் குருவி.

கிளிக்... கிளிக்... தடத்தில் இருப்பவர்களுக்கு மூச்சை வைத்தே ஆளைத் தெரியும்.

பிறகு ஒரு குயில் கடிகாரம் கூவியது. நாலு முறை. மெதுவாக, தொண்டை கட்டின மாதிரி.

தோரா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். “உன் வீட்ல யாருடி இருக்கா?”

“யாருமில்ல. பூட்டிட்டுத்தானே வந்தேன். ஏன்?”

“உன் கடிகாரம்... போன்ல கூவுது.”

குன்ஹில்ட் ஓடிவந்து குழலின் மறுபக்கம் காதை ஒட்டினாள். அவள் முகம் வெளுத்தது.

“யாரோ என் வீட்டுக் குழலை எடுத்திருக்காங்கக்கா...”

“ஷ்ஷ்...”

ஒரு சத்தம். ஏரிக்கரையில் பிறந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டாம். பனிக்காலத்து இரவில், மேலே காரே ஓட்டிப் போகும்படி உறைந்த ஏரி ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு விரிசல் விடும்போது வருமே...

ட்டுடும்ம்ம்...

மே மாதத்தில்.

பிறகு குரல். இந்தமுறை தேயவில்லை. எட்டுக் குழலும் எழுந்திருந்தும் தேயவில்லை. பக்கத்தில் நின்று பேசுவது போல.

“தோரா... நான் ஹால்வர்...”



“ரோடு சேறு. ஏரி மேல வர்றேன். உங்க கரைப்பக்கம்... தாங்குமா?”

மாட்டிவிடலாம். கை அதற்குத்தான் போனது. மாட்டவில்லை.

“வேண்டாம்!” என்று கத்தினாள். “வராதீங்க! தாங்காது!”

மூச்சு.

நீர் குமிழியிடும் சத்தம்...

கிளிக்.

கிளிக். கிளிக். ஒவ்வொரு வீடாகக் குழலை மாட்டியது. இருமல் போயிற்று. குருவி போயிற்று. கடைசியில் குயில் கடிகாரத்தின் ‘டிக் டிக்’ மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

அதுவும் போயிற்று.

மறுநாள் காற்று அடங்கியதும் நில்ஸ் வெளியே போய்ப் பார்த்தான். தடத்தின் முதல் கம்பமே வேலியோரம் சாய்ந்து கிடந்தது. கம்பி மண்ணுக்குள். முந்தின நாள் மத்தியானமே சாய்ந்ததைப் பால்காரர் பார்த்திருக்கிறார். குன்ஹில்ட் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தாள். பூட்டு பூட்டியபடி. தரையெங்கும் மாவு போல மண், அதில் ஒரு காலடி இல்லை. குழல் மட்டும் கொக்கியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் முழுக்க எட்டு வீடும் மழையைப் பற்றியே பேசின. ஒருவரும் ஒருவரிடமும் ‘நீயும் கேட்டியா?’ என்று கேட்கவில்லை. கேட்டால், எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

மழைதான் வரவேயில்லை. ஆகஸ்டில் ஏரி வற்றியது. ஊரில் இருந்தவர்கள் அதுவரை பார்த்திராத வற்றல். ஹெக்லண்ட் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், வெடித்த சேற்றுக்குள், ஒரு காரின் கூரை தெரிந்தது.

ஹால்வர் உள்ளே இருந்தார். மடியில் தோல்பை.

காரின் மூக்கு ஊரைப் பார்த்து இருந்தது.

பைக்குள் கிடந்த நோட்டுகளை பிரிட்சர்ட் தன் மேஜையில் பரப்பி, அடுப்பு மூட்டி உலர்த்தினார். டாலருக்கு இன்னும் ஆறு சென்ட் கிடைத்தது. அதையும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டோம். ஏரி வாடை போகாத நோட்டு. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி. பெண்கள் ஆளுக்கொரு கேக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துச் செய்த மாதிரி அத்தனை கேக். “உங்க வீட்டுக்காரர் தங்கம்னு அப்பவே சொன்னேன்” என்று ஆரம்பித்தாள் ஸ்டைன் வீட்டம்மா.

“அப்பச் சொன்னது எனக்கு வேற மாதிரி காதுல விழுந்துச்சு” என்றாள் சிக்னே.

தோரா கையிலிருந்த காப்பிக் கெட்டிலைக் கீழே வைத்தாள்.

“சிக்னே... அன்னிக்கு அவர் எங்க வீட்டுக்குப் போன் பண்ணினார். ஏரி தாங்குமான்னு கேக்கத்தான் பண்ணியிருக்கார். அப்ப எனக்குக் காதுல விழல. என்னன்னு திருப்பிக் கேக்காம வெச்சிட்டேன். முந்தின ராத்திரி ‘பணத்தை எடு’ன்னு போன்ல சொன்னதும் நான்தான்.”

குன்ஹில்ட் அக்காவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். தோரா அசையவில்லை.

 சிக்னே மேஜை முழுக்கப் பார்த்தாள்.

“உனக்கு ஏன் காதுல விழல? எத்தனை பேர் எடுத்திருந்தாங்க?”

ஏழு பெண்கள் தங்கள் கோப்பையைப் பார்த்தார்கள். காப்பியில் அவ்வளவு பார்ப்பதற்கு என்ன இருக்கிறதோ!

சிக்னே கேக்கைத் தொடாமல் எழுந்து போனாள்.

அடுத்த ஜூனில் பொறுப்பாளர் பிரிட்சர்ட்டுக்குக் கல்யாணம். ஊர்ச் சொத்தையெல்லாம் ஏலம் போட்டவர், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்காரும் போர்க்ஹில்டை ஏலம் இல்லாமலே அடைந்தார். விருந்துக்கு மாவட்டத் தலைநகர் பேங்கின் கிழவர் வந்திருந்தார். ஹால்வருக்குப் பணம் எண்ணிக் கொடுத்தவர் அவர்தான். தோராவின் எதிரே உட்கார்ந்து ஆட்டிறைச்சியை வெட்டிக்கொண்டே சொன்னார்:

“ரெண்டு மணிக்குக் கிளம்பினார். நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன், ‘ஏரி தாங்குமான்னு கரை வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுப் போய்யா’ன்னு. ‘அந்தத் தடத்துல பேசினா எட்டுக் காது குடிச்சது போக மிச்சம்தான் வரும், அதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்’னு சிரிச்சார். போனைத் தொடவே இல்லை, பாவம்.”

“வழியில எங்கேயாவது நின்னு...” என்றாள் தோரா. “நாலு மணிக்கு...”

“நாலு மணிக்கா?” என்றாள் மணப்பெண் போர்க்ஹில்ட். “அன்னிக்கு மத்தியானத்துக்கு மேல உங்க தடத்துக்கு வெளியிலேர்ந்து ஒரு கூப்பிடலும் வரல தோரா. எக்ஸ்சேஞ்ச் போர்டை விட்டு நான் எழுந்திரிக்கவே இல்லையே. மூணு வருஷமா யாராவது கேப்பீங்கன்னு பாத்தேன். ஒருத்தரும் கேக்கல.”

கேட்பதற்கு எங்களுக்கு வாய் ஏது?

ரெண்டு மணிக்குக் கிளம்பினவர் ரெண்டரைக்கு ஏரிக்கு நடுவே இருந்திருப்பார். நாலு மணிக்கு அவர் எங்கே இருந்தார் என்பது ஊருக்கே தெரியும். தோரா முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பிரிட்சர்ட் தம்பதி மாநிலத் தலைநகர் பியருக்கு மாற்றலாகிப் போனார்கள். நில்ஸும் தோராவும் 1936 வசந்தத்தில் நிலத்தை விட்டுவிட்டு மேற்குக் கடலோர ஆரெகனுக்குப் பழம் பறிக்கப் போய்விட்டார்கள். குன்ஹில்ட் இங்கேதான் இருக்கிறாள். சிக்னே டகோமா துறைமுகத்தில், மனைவியை இழந்த ஒரு படகுத் தச்சரை மணந்துகொண்டாள். அழைப்பு ஆரெகனுக்குப் போனது, தோராவும் கல்யாணத்துக்குப் போய்வந்தாள் என்று குன்ஹில்ட் சொல்லித்தான் தெரியும்.

மற்ற ஏழு வீட்டுக்கும் அழைப்பு இல்லை. ஏன் என்று நாங்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை.