பஞ்சாலை பாலெடுத்த நேரம்

பத்து மணித் தேநீர் வந்ததும் பஞ்சாலை எழுந்துவிடுவாள். ஒரு வாளியைத் தூக்கிக்கொள்வாள். வரிசையாக உட்கார்ந்திருக்கும் முதியவர்களின் கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தேநீரை வாளிக்குள் கவிழ்ப்பாள். தடுத்தால் வசவுதான். போர்டிக்சன் சாலையில், பழைய தோட்டத்து பங்களா ஒன்றில் நடந்த அந்த முதியோர் இல்லத்தில் இது அன்றாடச் சண்டையாகிவிட்டது.

இல்லத்தை நடத்திய மயிலம்மாள் பொறுத்துப் பார்த்தாள். தேநீர் வேளையில் அவளைத் தனியறையில் உட்கார வைத்தாள். பஞ்சாலை கதவைத் தட்டித் தட்டி அழுதாள், மத்தியானச் சோற்றையும் ஒதுக்கினாள். கடைசியில் மகள் லெட்சுமிக்கு ஃபோன் போனது.

"மத்தவங்க பயப்படுறாங்கம்மா. வந்து கூட்டிக்கிட்டுப் போயிடு."

லெட்சுமிக்கு சுங்கை காடுட் ஃபேக்டரியில் ஷிஃப்டு வேலை. கணவன் இல்லை. அம்மாவுக்கு நினைவு மங்கத் தொடங்கியபோது, வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனவள்தான் அவள். ஒருநாள் அம்மா எப்படியோ வெளியேறி, நடுரோட்டில் லாரிகளுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். இந்த இல்லம் கிடைத்த பிறகுதான் லெட்சுமி நிம்மதியாகத் தூங்கினாள். இதுவும் போனால் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் அடுப்பு எரியாது.

அம்மாவின் துணிமணிகளை அள்ளிவர ஒரு பெரிய பையுடன் பஸ் ஏறினாள். எப்போதும் ஞாயிறு சாயங்காலம் வருகிறவள், அன்று காலையில் வந்து இறங்கினாள். சரியாகத் தேநீர் வேளை.

பஞ்சாலை வாளியோடு வரிசையில் நடந்துகொண்டிருந்தாள். குனிந்தாள், கவிழ்த்தாள், ஆள்காட்டி விரலால் கோப்பையின் உட்புறத்தை ஒரே சுற்றில் வழித்தாள், இருந்த இடத்திலேயே வைத்தாள், அடுத்தவரிடம் போனாள். அந்த விரலைப் பார்த்ததும் லெட்சுமி அப்படியே நின்றுவிட்டாள். பள்ளிக்கூட விடுமுறையில் அம்மாவோடு ரப்பர் காட்டுக்குப் போய், மரத்தில் கட்டிய, பால் வடிந்த மங்குக் கிண்ணங்களை அவளும் இப்படித்தான் வழித்திருக்கிறாள். சிறுமியாகக் கத்தி பிடித்துக் கிழவியாகும்வரை மரம் சீவியவள் பஞ்சாலை.

"அக்கா, அம்மா டீயப் பிடுங்கல. பாலெடுக்குறாங்க!"

"என்ன பாலு?"

"மரத்துப் பாலுக்கா. இவங்கல்லாம் மரம்."

மயிலம்மாள் விழித்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, நானும் தோட்டத்துல பொறந்தவதான் லா! எங்கம்மா எத்தன மங்கு வழிச்சிருப்பாங்க! அப்ப எல்லாரும் குடிச்சப்புறம் அவங்கள விட்டா?"

"வெறும் மங்கப் பாத்தா மனசு ஒடஞ்சிடுவாங்கக்கா. மரம் வத்திப்போச்சுன்னு அழுவாங்க."

சமையலறையில் மத்தியானத்துக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். மயிலம்மாளின் கண் அந்தத் தண்ணீரில் விழுந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது.

லெட்சுமி அம்மாவைக் கை கால் கழுவ அழைத்துப் போனாள். அதற்குள் எல்லோருக்கும் மறுபடி தேநீர் கொடுத்து, குடித்த கோப்பைகளில் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி வைத்தார்கள். பஞ்சாலை திரும்பி வந்தாள். இப்போது யாரும் தடுக்கவில்லை. வாளி நிறைந்தது. பாலை நிறுக்கும் ஸ்டோரைத் தேடுகிறவள்போல அங்குமிங்கும் பார்த்து, மூலையில் மேசைக்குப் பின்னால் இருந்த மாயாண்டியின் முன் கொண்டுபோய் வைத்தாள். வேறொரு தோட்டத்தில் ஆட்களை மேய்த்த மண்டோர் அவர். இல்லத்துக்கு வந்த நாளிலிருந்து வாயே திறந்ததில்லை.

மாயாண்டி வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"தண்ணி கலந்திருக்க."

"யாரு, நானா? ஒங் கண்ணுலதான் தண்ணி கலந்திருக்கு, மண்டோரே!"

"நாளைக்கும் இப்பிடிக் கொண்டாந்தா வேல கெடையாது."

"போய்யா! எந் நெரை மரம் மாதிரி பாலு எவ நெரையில வடியுது?"

மறுபடியும் சண்டை. லெட்சுமி பயந்துபோய் மயிலம்மாளைப் பார்த்தாள். அவளோ வாய் பிளந்து நின்றாள்.

"மாயாண்டி அண்ணன் பேசுறாரு, லெட்சுமி! இன்னிக்குத்தான் அவரு கொரலையே கேக்குறேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாயாண்டியும் சிரித்தார். பஞ்சாலை வெற்றியோடு உட்கார்ந்தாள். மத்தியானம் தட்டில் போட்ட சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். நடுவில் லெட்சுமியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏ புள்ள, நீ எந்த நெரை?"

"ஒங்க பக்கத்து நெரைதான்."

"அப்ப நாளைக்கு வெள்ளன வா. அந்த மண்டோரு சரியில்ல."

"அவங்க இங்கயே இருக்கட்டும்," என்றாள் மயிலம்மாள். "நீ பஸ்ஸப் புடி. ஷிஃப்டுக்கு நேரமாச்சு."

லெட்சுமி அந்தப் பெரிய பையை நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாலைக்கு நடந்தாள். பின்னால் மண்டோரின் அதட்டலும், அதற்கு மேலே அம்மாவின் குரலும் கேட்டுக்கொண்டே இருந்தன.