யாருக்கான புரோகிராம்?

2002இல் கோச்சடையைச் சேர்ந்த டயானா தல்லாகுளத்தில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தாள். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்குப் புரோகிராம் எழுதும் வேலை.

"இத அங்க யாரு பயன்படுத்துவாங்க, சார்?" என்று முதலாளி உமேஷிடம் கேட்டாள்.

"நமக்கெதுக்கும்மா? சொன்னத எழுதிக் குடுப்போம்."

"எம்புட்டு வண்டி போகும்னு கேக்காம யாராச்சும் பாலம் கட்டுவாகளா?"

சிரித்துவிட்ட உமேஷ், அந்த மருத்துவமனை நர்ஸ் ஒருவரிடம் அவளைத் தொலைபேசியில் பேச வைத்தார். இப்போதுள்ள புரோகிராமில் மருந்து விவரம் பார்க்க நான்கு திரைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்று நர்ஸ் அலுத்துக்கொண்டார். டயானா தன் புரோகிராமில் எல்லாவற்றையும் ஒரே திரையில் அடக்கினாள்.

அடுத்த புரோகிராமுக்கு மருத்துவமனை, இப்படி எழுதுங்கள் என்று கட்டளை எதுவும் அனுப்பவில்லை. எப்படிச் செய்யலாம் என்று டயானாவிடமே யோசனை கேட்டது. அன்று அவள் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல், யோசித்தபடியே வீடு போய்ச் சேர்ந்தாள்.